கை எடுக்காமல் போட்ட மாடு

அண்ணே, இந்தச் சுருளைக் கொஞ்சம் மடங்காமப் பிடிச்சுக்கிறீங்களா? பஸ்ஸுல மேல வச்சா எவனாவது மூட்டையைத் தூக்கி அது மேல போட்டுருவான். கீழ வைக்கலாம்னா ஒரே ஈரம். பாத்துப் பிடிங்க, உள்ள மாடு இருக்கு. சிரிக்காதீங்க, படம்தான். நான் வரைஞ்சது.

திண்டுக்கல்தானே நீங்களும்? நல்லது. உக்கார இடம் கிடைச்சதே பெரிய விசயம். காலையில இந்த மாட்டைச் சுமந்துக்கிட்டுப் போனேன், இப்போ அதே மாட்டைச் சுமந்துக்கிட்டுத் திரும்பி வர்றேன். குடுக்கத்தான் போனேன். வாங்கிக்கல. அலுத்துப்போச்சுண்ணே. வரைஞ்சு வரைஞ்சு கை அலுத்தா அது தொழில், தைலம் தேச்சுக்கலாம். மனுசங்களப் பாத்து அலுத்துப்போறதுக்கு என்னத்தைத் தேய்க்கிறது?

யாருக்குன்னு கேக்குறீங்களா? கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். ஊர் வர்ற வரைக்கும் ஒரு பேச்சு வேணுமில்ல. வேடசந்தூர் தாண்டி உள்ள நல்லாம்புதூர்னு ஒரு ஊரு. அங்க பொன்னழகுன்னு ஒரு பொண்ணு. போன மழையில அதோட மாடு வயிறு உப்பிச் செத்துப்போச்சு. அதுக்கும் நான் போட்ட ஒரு படத்துக்கும் முடிச்சுப் போட்டுட்டாங்க. ஊர்ல அந்தப் பொண்ணு மாட்டைக் கொன்னுட்டான்னு பேச்சு. எங்க ஆபீஸ்ல நான் கொன்னுட்டேன்னு பேச்சு. அந்த மாடு காலையில எதைத் தின்னுச்சுன்னு யாராவது கேட்டாங்களா? கேக்க மாட்டாங்க.

என் பேரு சவரிமுத்து. ஆர்ட்டிஸ்ட் சவரின்னா எங்க பக்கத்துல தெரியும். ஒரு டிரஸ்ட்ல வேலை. ஆடு மாடு வளக்குறவங்களுக்கு நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கிற டிரஸ்ட்டு. கன்னுக்குட்டிக்கு எப்போ சீம்பால் குடுக்கணும், கோமாரி வந்தா காலை எதுல கழுவணும், எல்லாத்துக்கும் படம் வேணும். எழுதுறதுக்கு டாக்டருங்க, வரையறதுக்கு நான்.

என் கைக்கு ஒரு பேரு உண்டுண்ணே. கை எடுக்காம மாடு போடுவேன். கொம்பு நுனியில பேனாவை வச்சேன்னா நெத்தி, மூக்கு, தாடை, அலைதாடி, முன்னங்காலு, வயிறு, மடி, பின்னங்காலு, வாலு, முதுகு, திமிலு, திரும்ப அதே கொம்பு நுனி. பேனா தாளை விட்டு எந்திரிக்கவே எந்திரிக்காது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல மேடைக்குக் கூப்பிட்டுப் போடச் சொல்லுவாங்க. பிள்ளைங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கும். ஒரே கோடு, ஒரு நடுக்கம் இருக்காது.

இதெல்லாம் டாக்டர் நூர்ஜகான் வர்ற வரைக்கும். சின்ன வயசுதான் அந்தம்மாவுக்கு. வேலைக்குச் சேந்த புதுசுல என் படத்தையெல்லாம் மேசையில பரப்பிப் பாத்தாங்க. நல்லாருக்குன்னு சொல்லப் போறாங்கன்னு பக்கத்துலயே நிக்கிறேன். "கோடு ரொம்ப அழகா இருக்கு சார். மாடு எங்க?"ங்கிறாங்க. எனக்குப் புரியல. "இதுதான் மாடு"ங்கிறேன். "இது மாட்டோட ஓரம் சார். சுத்தி வேலி போட்டிருக்கீங்க, நடுவுல வெறும் தாளு. இதுக்குள்ள வயிறு எங்க, குடல் எங்க, எலும்பு எங்க? கை வச்சுப் பாக்க ஒண்ணுமே இல்லையே." நான் விடுவேனா? "வெளிய இருக்கிறதைத்தான் நான் போட முடியும் டாக்டர். உள்ள இருக்கிறதைப் பாக்கத்தான் உங்களை வச்சிருக்கு"ன்னுட்டேன். ஆபீஸே சிரிச்சுது. அந்தம்மா மட்டும் சிரிக்கல.

அப்புறம்தான் இந்த உப்புசம் நோட்டீஸ் வந்துச்சு. மழைக்கு முளைச்ச இளம் பயிரை மாடு வயிறு முட்டத் தின்னுட்டா, காத்து அடைச்சு வயிறு பானையா ஏறிடும். மூச்சு முட்டி விழுந்துரும். டாக்டர் வர வழியே இல்லை, மாடு சாகத்தான் போகுதுன்னா, கூரா ஒரு குழாய் ஊசி இருக்கு, அதை விலாவுக்குப் பின்னாடி இருக்கிற பள்ளத்துல குத்திக் காத்தை எறக்கிவிடணும். ஊருக்கு ஒரு மகளிர் குழுகிட்ட அந்த ஊசியை எங்க டிரஸ்ட்டே குடுத்துச்சு. நோட்டீஸ் முதல்ல, பயிற்சி அப்புறம்னு ஏற்பாடு.

டாக்டரம்மா பென்சில்ல ஒரு மாதிரி போட்டுக் குடுத்தாங்க. கண்றாவி. ஒரு டிரம்முக்கு நாலு குச்சி சொருகுன மாதிரி இருந்துச்சு. மாடு இடக்கைப் பக்கமாப் பாத்து நிக்குது, பள்ளத்துல ஒரு பெருக்கல் குறி. "இந்த எடம்தான் சார், வேற எங்கயும் ஆகாது"ன்னு சொல்லிட்டு அவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு லீவுல போயிட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க அண்ணே. லீவுல போனது அவங்க.

எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. நான் முதல்ல வேலை பாத்தது காலண்டர் அச்சகத்துல. அங்க உருவம் எதுவா இருந்தாலும் தாளுக்கு உள்பக்கமாத்தான் பாக்கணும். சாமியா இருந்தாலும் சரி, மயிலா இருந்தாலும் சரி. வெளிய பாத்து நின்னா வீட்டுல இருக்கிற லட்சுமி வெளிய போயிருவாங்கன்னு முதலாளி திருப்பி அடிப்பாரு, தாளை இல்ல, எங்களை. நோட்டீஸ்ல இந்தப் படம் வர்றது இடப் பக்கம். டாக்டரம்மா மாடு வெளிய ஓடப் போற மாதிரி நிக்குது. விடுவேனா? கீழ லைட் எரியற கண்ணாடி மேசையில தாளைத் திருப்பிப் போட்டேன், கோடு அந்தப் பக்கம் தெரியும்ல, அது மேலயே கை எடுக்காம இழுத்தேன். அதே மாடு. மயிரிழை மாறல. குறியும் மாட்டு மேலயேதான் இருக்கு. ஆனா இப்போ அழகா உள்ள பாத்து நிக்குது. என்ன தப்பு, சொல்லுங்க?

முழிக்கிறீங்க. எனக்கும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு. மாடு நம்ம இடக்கைப் பக்கமா மூஞ்சியை வச்சு நின்னா, நம்ம கண்ணுக்குத் தெரியறது அதோட இடது விலா. நம்ம வலக்கைப் பக்கமாப் பாத்து நின்னா, தெரியறது அதோட வலது விலா. காத்து அடைக்கிற வயிறு இடப்பக்கம்தான் இருக்காம். வலப்பக்கம் குடலு. படத்துல நான் மாட்டைத் திருப்புனதும், குறி குடல் மேல போயி உக்காந்திருச்சு. தாளைத் திருப்புனா மாடும் திரும்பும்னுதான் நான் நினைச்சேன். அதுக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு எவன் நினைச்சான்?

ஆனா ஒண்ணு. கீழ எழுத்துல 'இடது விலாப்பள்ளத்தில்'னு தெளிவா அடிச்சிருக்கு. டைரக்டரும் பாத்துக் கையெழுத்துப் போட்டாரு. படிக்கிறவங்க படிக்கணுமில்லண்ணே? படத்தை மட்டும் பாத்தா எப்படி?

பொன்னழகு அந்த நோட்டீஸைக் கஞ்சி தடவிக் கொட்டகைச் செவுத்துல ஒட்டியிருந்திருக்கு. குழு ஊசி அது பொறுப்புலதான். புருசன் திருப்பூர்ல வேலை. வீட்டுல மாமியாரும் இதுவும்தான். ஒருநாள் காலையில மாடு அவுத்துக்கிட்டுப் போயி பக்கத்துக் காட்டுல இளஞ்சோளத்தை மேஞ்சிருச்சு. திரும்பி வரும்போதே வயிறு ஏறிருச்சு. கவர்மெண்ட் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டா அவரு வேற ஊர்ல கன்னு இழுத்துக்கிட்டிருக்காரு. மாடு மூச்சுக்குத் தவிக்குது. இந்தப் பொண்ணு நோட்டீஸைப் பாத்து மாட்டை நிறுத்தி, குறி இருந்த எடத்துல குத்திருச்சு. மாடு மதியத்துக்குள்ள போயிருச்சு.

டாக்டரம்மா லீவு முடிஞ்சு வந்தாங்க, நோட்டீஸை ஒரு தடவை பாத்தாங்க, நாற்காலியில உக்காந்துட்டாங்க. டைரக்டர் உடனே ஊர் ஊரா ஆள் அனுப்பி, புதுசு வருதுன்னு சொல்லிப் பழைய நோட்டீஸையெல்லாம் கிழிச்சு வாங்கிட்டாரு. எதுக்குன்னு யாருக்கும் சொல்லல. என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவும் இல்ல. திட்டியிருந்தாத் தேவலை. டீ குடிக்கப் போனாப் பேச்சை நிறுத்துவாங்க. அது எவ்வளவு பெரிய கொடுமைன்னு அனுபவிச்சாத்தான் தெரியும்.

டாக்டரம்மா மட்டும் ஒண்ணு சொன்னாங்க. "இனிமே மாட்டைத் தொடாம நீங்க மாடு வரையக் கூடாது சார்." இந்த வயசுல, இத்தனை மாடு போட்ட கையைப் பிடிச்சு, டிரஸ்ட் கொட்டகையில கொண்டுபோயி விட்டாங்க. கையில ஒரு கிண்ணம் சுண்ணாம்பு, ஒரு பிரஷ்ஷு. தாள்ல இல்ல அண்ணே, மாட்டு மேலயே கோடு போடணுமாம். கழுத்தைச் சுத்தி ஒண்ணு. முன்னங்காலுக்குப் பின்னாடி ஒண்ணு. வயிறு பெருத்த எடத்துல ஒண்ணு. பின்னங்காலுக்கு முன்னாடி ஒண்ணு. வளையம் வளையமா. மாடு சும்மா நிக்குமா? ஒண்ணு நக்கிருச்சு, ஒண்ணு உதைச்சிருச்சு. இடுப்பு வலி இன்னும் போகல.

போட்டு முடிச்சா, சுத்தி வந்து பாக்கச் சொன்னாங்க. பக்கவாட்டுல நின்னு பாத்தா வளையமெல்லாம் குச்சியா நேரா நிக்குது. கொஞ்சம் சாய்ஞ்சு பின்னாடி போனா அதே குச்சி வளையுது, வயித்துல பெருசா, கழுத்துல சிறுசா. எனக்கு ஒரு மாதிரி ஆகிருச்சு. இத்தனை வருசம் மாட்டைப் பாத்திருக்கேன், ஆனா ஒரே எடத்துல நின்னுதான் பாத்திருக்கேன் போல. சரி, அதை விடுங்க.

"ஓரமே போடாதீங்க சார். முதல்ல வளையத்தை மட்டும் போடுங்க, ஓரம் தானா வரும்"னாங்க. போட்டேன். கோணலா வந்துச்சு. என் கை கோணி நான் பாத்ததே இல்லை. தினமும் போட்டேன், கிழிச்சேன், திரும்பப் போட்டேன். வீட்டுல அவ கேக்கிறா, என்னங்க சக்கரமா வரையறீங்கன்னு. பேசாம சோத்தைப் போடுன்னேன்.

பெரிய கஷ்டம் எது தெரியுமா? கையை எடுக்கிறது. பழக்கம் விட மாட்டேங்குது. கழுத்துல கிளம்புன கோடு தோள்பட்டைகிட்ட வந்ததும் உள்ள வளைஞ்சு போயி அங்கயே நிக்கணும். பேனாவை எடுத்துரணும். வயித்துக் கோடு அதுக்குப் பின்னாடியிருந்து புதுசா ஆரம்பிக்கணும். அப்பத்தான் தோளு முன்னாடி இருக்கு, வயிறு பின்னாடி இருக்குன்னு கண்ணு நம்பும். நான் ரெண்டையும் சேத்து ஒரே ஓட்டமா ஓட்டியே பழகுனவன். சேத்துட்டா மாடு அப்பளமா ஆயிருது. அடிவயித்துல கோடு தடிக்கணும், அங்கதான் பாரம் தொங்குது. முதுகுல வெயில் படுற எடத்துல மெலிஞ்சு, சில எடத்துல கோடே வேண்டாம். அந்தப் பக்கத்துக் காலு நமக்குத் தெரியாது, ஆனாலும் குளம்பு எங்க ஊனியிருக்குன்னு பென்சில்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் அழிக்கணும். இல்லாட்டி மாடு காத்துல நிக்கும்.

ஒருநாள் சாயங்காலம் வந்திருச்சுண்ணே. எப்படின்னு கேட்டாச் சொல்லத் தெரியல. இடுப்பெலும்பு முட்டிக்கிட்டு நிக்குது, கடைசி விலா முடியுது, நடுவுல பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு நான் கோடே போடல. மேலயிருந்து ஒரு கோடு வந்து நிக்குது, கீழயிருந்து ஒண்ணு வந்து நிக்குது, நடுவுல தாளு உள்வாங்கிக் கிடக்கு. விரலை வச்சா எறங்கும் போல இருந்துச்சு. டாக்டரம்மா வந்து ரொம்ப நேரம் பாத்தாங்க. சரியா அந்தப் பள்ளத்துல விரலை வச்சாங்க. "இப்போ மாடு இருக்கு சார்"னாங்க. அன்னிக்கு எனக்குச் சந்தோசத்துல சோறு எறங்கல. பொய் சொல்லல, அழுகை வந்துச்சு. மேடையில கைதட்டு வாங்குனப்போகூட அப்படி வந்ததில்ல.

அவங்கதான் சொன்னாங்க. "இதைப் பொன்னழகு வீட்டுக்குக் கொண்டுபோங்க. டைரக்டரை நான் பாத்துக்கிறேன். நீங்களே நேர்ல போங்க. போயி என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்." நான் என்னத்தைச் சொல்றது, படம் சொல்லாதா? நல்ல கெட்டித் தாள்ல, பெருசா, இடப்பக்கம் பாத்து நிக்கிற மாதிரி புதுசாவே போட்டேன். முதலாளி முறையையெல்லாம் தூக்கிக் கடாசிட்டுப் போட்டேன். இதைவிட ஒரு மனுசன் என்ன செய்வான்?

இன்னிக்குக் காலையில கிளம்புனவன், பஸ்ஸு கிடைச்சுப் போய்ச் சேர சாயங்காலம் ஆயிருச்சு. வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமில்ல, மாட்டைக் கொன்னவ வீடுன்னு கேட்டா டீக்கடையிலயே கை காட்டுறாங்க. மாமியார் வாசல்ல புளி தட்டிக்கிட்டிருந்துச்சு. கொட்டகை காலி. செவுத்துல நோட்டீஸ் இருந்த எடம் மட்டும் கஞ்சிக் கறையா சதுரமாத் தெரியுது. பொன்னழகு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. இன்னார்னு சொன்னேன். சுருளைப் பிரிச்சுக் கட்டில்ல விரிச்சேன்.

அது குனிஞ்சு பாத்துச்சு. அப்புறம் விரலைக் கொண்டுபோயி அந்தப் பள்ளத்துல வச்சுச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல பாருங்க, விரல் தானா அங்க போகுது! என் கோட்டுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

"இங்கதானா சார்?"னு கேட்டுச்சு.

"ஆமா தாயி. இடப்பக்கம்."

"அந்தப் படத்துல மாடு அங்கிட்டுப் பாத்து நின்னுச்சு சார். நம்ம மாடு குறுக்க நின்னுச்சு. அதைச் செவுத்தோரமா இழுத்து, படத்துல நின்ன மாதிரியே திருப்பி நிறுத்துனேன். அத்தைதான் கயித்தைப் பிடிச்சாங்க."

மாமியார் தலையைத் தூக்காமலே சொல்லுச்சு: "கயித்தைத்தான் பிடிச்சேன். குத்துனது நீ."

அந்தப் பொண்ணு பக்கத்து வீட்டு மாடுகளுக்கெல்லாம் பால் பீச்சிப் பொழைச்சது. இப்போ கைராசி இல்லாதவன்னு எவ வீட்டு மாட்டுகிட்டயும் சேக்குறதில்லையாம். குழுவுல ஊசியையும் வாங்கிட்டாங்களாம். புருசன் போன் போட்டா அம்மாகூட மட்டும் பேசிட்டு வச்சிர்றானாம். இதையெல்லாம் அது அழாமத்தான் சொல்லுச்சு. கேக்க எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நானும் மனுசன்தானே.

அப்புறம் கிட்ட வந்து, மெதுவாக் கேக்குது: "சார், அந்தப் படம் தப்புன்னு எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வரைஞ்சவரு."

எனக்கு எப்படி இருக்கும்? இவ்வளவு பெரிய படத்தை விரிச்சு வச்சிருக்கேன், அதைப் பாக்காம பழைய படத்தைப் பத்திப் பேச்சு! சரின்னு மாமியார் பக்கம் திரும்பி விளக்கமாவே சொன்னேன். தாளுக்கு உள்ள பாக்கணும்கிற முறையைச் சொன்னேன். டாக்டர் லீவுல போனதைச் சொன்னேன். டைரக்டர் கையெழுத்தைச் சொன்னேன். "தப்புன்னு ஒரேயடியாச் சொல்லிர முடியாதும்மா. கோட்டுல ஒரு குறையும் இல்ல. கீழ எழுத்துல இடதுன்னு தெளிவாத்தான் போட்டிருந்துச்சு, படிச்சிருந்தா..."ன்னேன்.

அந்தக் கிழவி புளியைக் கீழ வச்சுட்டு மருமகளைப் பாத்து, "கேட்டுக்கிட்டியா?"ன்னுச்சு.

பொன்னழகு படத்தைச் சுருட்டுச்சு. ஒரு மடிப்பு விழாம, ஓரம் கசங்காம, நூலைப் போட்டுக் கட்டி என் கையில குடுத்துச்சு. "மாடில்லாத வீட்டுல இது எதுக்கு சார்?"னுட்டு உள்ள போயிருச்சு. தண்ணிச் சொம்பைக்கூட எடுக்கல. இவ்வளவு பாங்காச் சுருட்டத் தெரிஞ்ச பொண்ணுக்கு, நல்லாருக்குன்னு சொல்ல வாய் வரல பாத்தீங்களா?

அந்த நூலை அவுக்காதீங்கண்ணே, அந்தப் பொண்ணு கட்டுனது. ஓரத்தை மட்டும் கொஞ்சம் விலக்கிப் பாருங்க. தோள்பட்டைகிட்ட கோடு உள்ள போயி நிக்கிறது தெரியுதா? இந்த பஸ்ஸு வெளிச்சத்துல என்ன தெரியும். சரி, விடுங்க.

என்ன அப்படிப் பாக்குறீங்க? அவ வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கலாமேங்கிறீங்களா? எதுக்கு? கடைசி பஸ்ஸு வேற. நாளைக்கு டாக்டரம்மா கேப்பாங்க, சொன்னீங்களா சார்னு. அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வர்றேன். ரொம்ப அலுப்பா இருக்குண்ணே. கண்ணை மூடினா அந்தக் கஞ்சிக் கறை வந்து நிக்குது.

பைபாஸ் வந்திருச்சு, நான் இங்கதான் எறங்கணும். குடுங்க அதை. நீங்களே சொல்லுங்க, இதுல ஞாயம் இருக்கா? அவ கேட்டது ஒரே ஒரு வார்த்தை. நான் கொண்டுபோனது எவ்வளவு பெரிய படம்!